திஹுவானாவில் வீடு கட்டும் ஊழியப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் டியாகோவைத் தாண்டி மெக்சிகோ எல்லைக்குள் கால் வைத்தவுடன் வரும் ஊர் திஹுவானா. அமெரிக்க, கனடியச் சபைகளிலிருந்து வாலிபர் குழுக்களும் குடும்பங்களும் அங்கே போய் நான்கைந்து நாள் தங்கி, வீடில்லாத ஒரு குடும்பத்துக்குச் சிறு மரவீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. முதல் முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்களையும் சேர்த்திருக்கிறோம்.

திஹுவானாவில் ஏன் இவ்வளவு வீடு தேவைப்படுகிறது?

1965இல் மெக்சிகோ அரசு எல்லையோரத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. மக்கிலதோரா எனப்படும் அந்த ஆலைகளில் வேலை தேடி வஹாகா, சியாபஸ், சினலோவா போன்ற மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்தார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. மேடும் பள்ளமுமான ஊரில், மலைச்சரிவிலும் ஓடைப் பள்ளத்திலும் துண்டு நிலத்தைத் தவணையில் வாங்கி, கையில் கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டார்கள். சான் டியாகோவில் கழற்றிப் போட்ட பழைய கராஜ் கதவுகள் அங்கே சுவராக நிற்கும். மண் சரியாமலிருக்கப் பழைய டயர்களை அடுக்கி அணைகட்டியிருப்பார்கள், அதே டயர்தான் வீட்டுக்கு ஏறும் படியும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. அந்த மாதங்களில் மண் தரையில் படுக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இங்கே வீடு என்றதும் முதல் பேச்சு சிமென்ட் தளத்தைப் பற்றியே இருக்கும்.

கட்டிக் கொடுக்கும் வீடு எப்படி இருக்கும்?

இந்தப் பதில்களுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது 11 அடிக்கு 22 அடி வீடு. இரண்டு அறை, ஒரு கதவு, இரண்டு மூன்று ஜன்னல், சிமென்ட் தளம், மரச்சட்டச் சுவர், வெளியே சிமென்ட் பூச்சு. 1980 முதல் வேலை செய்யும் அமோர் மினிஸ்ட்ரீஸ் அமைப்பின் அடிப்படை வீடு இந்த அளவுதான். மின்கருவி இல்லாமல் கைரம்பத்தாலும் சுத்தியலாலும் கட்டுவது அவர்கள் வழக்கம். யூத் வித் எ மிஷன் அமைப்பின் ‘ஹோம்ஸ் ஆஃப் ஹோப்’ குழுக்கள் இரண்டே நாளில் முடிப்பார்கள். தளம் முன்கூட்டியே போட்டுத் தயாராக இருக்கும்.

242 சதுர அடி என்று கேட்டால் சிறியதாகத் தெரியும். அந்தக் குடும்பம் அதுவரை இருந்த இடத்தைப் பார்த்த பிறகு அப்படித் தெரியாது.

எனக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. வரலாமா?

தாராளமாக. வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். ஆனால் எந்த நினைப்போடு வருகிறீர்கள் என்பது முக்கியம். அங்கே கொத்தனார் உள்ளூர்க்காரர், நீங்கள் சித்தாள். அவர் சொல்கிற இடத்தில் மணலைக் கொட்டுவதும், சொல்கிற அளவில் கட்டையை அறுப்பதும், தண்ணீர் சுமப்பதும் உங்கள் வேலை. ‘ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போகிறேன்’ என்று வருகிறவரைவிட ‘நான்கு நாள் சித்தாள் வேலைக்குப் போகிறேன்’ என்று வருகிறவர் கட்டும் சுவர் நேராக நிற்கும். காரணம் எளிது: அவர் கேட்டுக் கேட்டுச் செய்வார்.

இந்த அளவு வீட்டுக்கு 12 முதல் 18 பேர் சரியான கணக்கு. 25 பேர் போனால் பத்துப் பேர் சும்மா நிற்பார்கள், சும்மா நிற்கிறவர் காலில்தான் ஆணி ஏறும். பெரிய குழு என்றால் இரண்டு வீடாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பயணச் செலவை அப்படியே அனுப்பிவிட்டால் உள்ளூர் ஆட்களே இன்னும் நாலு வீடு கட்டுவார்களே?

நியாயமான கேள்வி. யாராவது இதைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். விமானத்தில் வந்து, ஹோட்டலில் தங்கி, ஒரு நாள் மட்டும் ஆணி அடிக்கும் குழுவிடம் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் பணத்தை அனுப்புவதே நல்லது.

போவதற்குப் பொருள் இருக்க வேண்டுமானால் சிலவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். மரம், சிமென்ட், மணல் எல்லாம் திஹுவானாவிலேயே வாங்கப்பட வேண்டும். உள்ளூர் மேஸ்திரிக்கு முழுக் கூலி போக வேண்டும். குழுவின் கட்டணத்தில் எத்தனை பங்கு வீட்டுக்கு, எத்தனை பங்கு சாப்பாடு, தங்கல், போக்குவரத்துக்கு என்று அமைப்பு எழுத்தில் தர வேண்டும். காரில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் தென் கலிபோர்னியாச் சபைகளுக்குப் பயணச் செலவு குறைவு, அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்குச் சாதகமாக வரும். நியூ ஜெர்சியிலிருந்து 15 பேர் பறந்து வருவதென்றால் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த அமைப்போடு போவது? எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, வீட்டை இலவசமாகக் கொடுப்பது. மற்றது, 1976இல் மில்லர்ட், லிண்டா ஃபுல்லர் தம்பதியர் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் ஊரில் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டியின் வழி. அதில் குடும்பமும் உழைப்பைப் போடும், வீட்டின் விலையைக் கட்டுப்படியாகும் தவணையில் திருப்பிக் கட்டும். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம்பதியர் அந்த அமைப்போடு 1990இல் திஹுவானாவிலும், 2006இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவிலும் வீடு கட்டியிருக்கிறார்கள்.

எதில் சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது நிலத்தைப் பற்றி. குடும்பத்தின் கையில் கிரய ஒப்பந்தமோ தவணை ரசீதோ இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, அமைப்பு அதைப் பார்த்ததா? பத்திரம் சரியில்லாத நிலத்தில் நல்ல வீடு எழும்பினால் நிலத்துக்காரர் வந்து நிற்பார், குடும்பம் வெளியே போக வேண்டிவரும். கணவன் பெயரில் மட்டும் பத்திரம் இருந்து அவர் விட்டுப் போய்விட்டால் மனைவியின் கதி என்ன என்பதையும் கேளுங்கள். அடுத்தது, குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? அந்தப் பகுதியை அறிந்த உள்ளூர்ச் சபைகள் கூடிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்ல முறை. கடைசியாக, ஒரு வருடம் கழித்துக் கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத அமைப்போடு போகாதீர்கள்.

என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு. மெக்சிகோ விசா வேண்டுமா?

செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரை கடவுச்சீட்டில் இருந்தாலோ, கிரீன் கார்டு இருந்தாலோ மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். எல்லையில் எஃப்எம்எம் என்ற வருகைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். நடந்து போகிறவர்களை அதிகாரியே அந்த வரிசைக்கு அனுப்புவார். காரில் போகிறவர்களை யாரும் நிறுத்தாமலே போகக்கூடும். நீங்களாகவே ஒதுங்கி நிறுத்திப் போய் வாங்குங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு. ஹெச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா ஆட்களில் பலருக்கு விசா முத்திரை காலாவதியாகியிருக்கும், ஐ-94 என்ற தங்கும் அனுமதிப் பதிவு மட்டும் நடப்பில் இருக்கும். ‘30 நாளுக்குள் மெக்சிகோ போய்த் திரும்பினால் தானாகப் புதுப்பித்ததாகக் கணக்கு’ என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த விதி உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவுக்குள் திரும்பி வருவதற்கான விதி. மெக்சிகோ தரும் விலக்கு நடப்பில் உள்ள விசாவுக்கு மட்டுமே. முத்திரை முடிந்திருந்தால் மெக்சிகோ தூதரகத்தில் விசா எடுத்தாக வேண்டும். பயணத்தின்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்த 30 நாள் சலுகையும் போய்விடும். எஃப்-1 மாணவர்கள் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து ஒரு வருடத்துக்குள் வாங்கியதா என்று பாருங்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் எல்லையைத் தாண்டவே கூடாது. குழுத் தலைவர் இதையெல்லாம் இரண்டு மாதம் முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட வேண்டும். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் கூச்சப்பட்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுவார்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

அமெரிக்கக் குடியுரிமை உள்ள 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தரைவழியாகத் திரும்பும்போது பிறப்புச் சான்றிதழ் போதும். சபை அல்லது பள்ளிக் குழுவோடு பெரியவர் பொறுப்பில் வந்தால் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இது செல்லும். இருந்தாலும் கடவுச்சீட்டே வசதி. பெற்றோர் கூட வராத பிள்ளைக்கு இருவரின் கையெழுத்தும் உள்ள நோட்டரி சான்றிட்ட சம்மதக் கடிதம் வேண்டும், மருத்துவச் சிகிச்சைக்கான அனுமதியும் அதிலேயே இருக்கட்டும். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டடத்தில் வேலை கிடையாது என்று நாங்கள் சொல்வோம். வர்ணம் பூசலாம், ஆணி பொறுக்கலாம், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பந்து விளையாடலாம்.

எல்லையில் எதெல்லாம் பிரச்சினை?

துப்பாக்கி, தோட்டா. காரின் இருக்கை இடுக்கில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் சிறைக்குப் போக நேரலாம். இரவல் வண்டி என்றால் முழுவதும் தேடிவிட்டுப் புறப்படுங்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை மெக்சிகோவில் தடைசெய்யப்பட்டது. இ-சிகரெட்டையும் கொண்டுபோகக் கூடாது. ‘ஏழைகளுக்குக் கொடுக்கலாம்’ என்று மூட்டை மூட்டையாகப் பழைய துணியை ஏற்றாதீர்கள், சுங்கத்தில் நின்றுவிடுவீர்கள்.

அமெரிக்கக் கார் காப்பீடு அங்கே செல்லாது. மெக்சிகோ காப்பீடு நாள் கணக்கில் கிடைக்கும், இணையத்திலேயே வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது சான் இசித்ரோ எல்லை வாசலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பத் திட்டமிடாதீர்கள். புறப்படும் வாரத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கையை ஒரு தடவை படியுங்கள். இருட்டிய பிறகு தங்குமிடத்தை விட்டு வெளியே போவதில்லை என்பதைக் குழுவின் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தளம் போடுவது எப்படி? எவ்வளவு சிமென்ட் ஆகும்?

முதல் நாள் முழுக்க இந்த வேலைதான். இதில் செய்யும் பிழை கூரை வரைக்கும் ஏறும்.

நிலத்தை வெட்டி மட்டம் பண்ணி, சுற்றிலும் பலகை அடைப்பு கட்ட வேண்டும். மூலைமட்டம் சரியா என்று பார்க்க எளிய வழி மூலைவிட்டத்தை அளப்பது. 11க்கு 22 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 24 அடி 7 அங்குலத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மேலே வர வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறைந்தால் அடைப்பு சாய்சதுரமாகிவிட்டது என்று அர்த்தம். கால் அங்குல வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு அங்குலம் விட்டீர்களானால் கூரைப் பலகை போடும்போது ஒரு ஓரத்தில் ஆப்பு மாதிரி இடைவெளி விழும். கடைசி நாள் எல்லோரும் களைத்திருக்கும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

4 அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய 2.3 கன மீட்டர் காங்கிரீட் பிடிக்கும். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்று கலந்தால் 50 கிலோ மூட்டை 17 ஆகும். சுற்றோரத்தில் 8 அங்குல அகலத்தில் ஒரு அடி ஆழத்துக்கு அடிமானம் தோண்டினால் இன்னும் 9 மூட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பங்கையும் வாளியால், விளிம்புக்குச் சமமாக வழித்து அளங்கள். மண்வெட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

கெட்டுப்போவது தண்ணீரில்தான். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டாம், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறையுங்கள். பதினோரு மணி வெயிலில் கை சலித்துப்போன வாலிபன் ‘கலவை இறுகலாக இருக்கிறது’ என்று இன்னொரு வாளி ஊற்றுவான். கலக்க இலகுவாகிவிடும். ஆனால் அந்தத் தளம் ஆறு மாதத்தில் மேலே மாவு மாதிரி பெயரும். தண்ணீர் வாளியை ஒரே ஒருவர் பொறுப்பில் விடுங்கள், அவர் பிடிவாதக்காரராக இருக்கட்டும்.

கொட்டியதும் நேரான கட்டையை இரண்டு பக்க அடைப்பின் மேலும் வைத்து, ரம்பம் இழுப்பது போல இழுத்து மட்டம் பண்ணுங்கள். மேலே கசியும் தண்ணீர் வற்றிய பிறகே மணியாசுக் கட்டையால் (தேய்ப்புப் பலகை) தேய்க்க வேண்டும். அது இறுகுவதற்குள் அரை அங்குல போல்டுகளைச் செருகுங்கள்: 6 அடிக்கு மிகாத இடைவெளியில், சுவரின் அடியில் படுக்கும் ஒவ்வொரு கீழ்க்கட்டையின் முனையிலிருந்தும் ஒரு அடிக்குள். வாசல் வரும் இடத்தில் போல்டு நிற்கக் கூடாது. வாசலை முன்பே தளத்தின் ஓரப் பலகையில் சாக்குக்கட்டியால் குறித்து வையுங்கள். திஹுவானா இருக்கும் பாஹா கலிபோர்னியா மாநிலம் நிலநடுக்கப் பகுதி. 2010 ஏப்ரல் 4இல் மெக்சிகாலி பக்கம் 7.2 அளவில் பூமி அதிர்ந்தது. வீடு தளத்தோடு பிணைந்து நிற்பது இந்தப் போல்டால்தான்.

அன்றிரவே ஈரச் சாக்கோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். மறுநாளிலிருந்து தளத்துக்குத் தண்ணீர் காட்டும் வேலையை அந்த வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்தால் குழு போன பிறகும் அது நடக்கும்.

சுவர்?

தளம் இறுகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பாதிக் குழு பக்கத்துக் காலி இடத்தில் மரம் அறுக்கத் தொடங்கலாம். ‘இரண்டுக்கு நாலு’ கட்டையின் உண்மையான அளவு ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை. இதை மறந்து இரண்டு, நாலு என்று கணக்குப் போட்டு ஜன்னல் துவாரத்தைத் தவறாக விடுவது வாடிக்கையான பிழை. சுற்றளவு 66 அடி. 24 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தினால் 33 கால் (நிற்கும் கட்டை), மூலைக்கும் ஜன்னல் கதவு ஓரத்துக்கும் நடுச்சுவருக்கும் சேர்த்தால் 50ஐத் தாண்டும். எல்லாக் காலும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். அதற்கு முதல் காலை மட்டும் நாடாவால் அளந்து, அதையே மாதிரியாக வைத்து மற்றதைக் குறியுங்கள். நேற்று அறுத்த காலை வைத்து இன்று ஒன்று, அதை வைத்து அடுத்தது என்று போனால் கடைசிக் கால் அரை அங்குலம் வளர்ந்திருக்கும்.

மேல்கட்டை, கீழ்க்கட்டை வழியாக ஒவ்வொரு காலுக்கும் மூன்றரை அங்குல ஆணி இரண்டு. கீழ்க்கட்டை மட்டும் மருந்து ஏற்றிய மரமாக இருக்கட்டும், சிமென்டில் ஊறும் ஈரத்தில் சாதா மரம் உளுத்துவிடும். சுவரைத் தரையில் கிடத்திச் செய்து பத்துப் பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துங்கள். நிறுத்தியவுடன் ரசமட்டம் பார்த்து, சாய்வுக்கட்டை கொடுத்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். மாலைக் காற்று அங்கே பலமாக வீசும், சாய்வு கொடுக்காத சுவர் விழும். மூலைகளில் நிரந்தரக் குறுக்குக்கட்டையும் மறக்காதீர்கள். அது இல்லாமல் பூசிய சுவர் ஒவ்வொரு ஜன்னல் மூலையிலிருந்தும் சாய்வாக விரிசல் விடும்.

வெளிப்பூச்சு ஏன் உதிர்கிறது?

பூச்சின் உயிர் அதன் அடியில் இருக்கும் மூன்று அடுக்கில் இருக்கிறது. முதலில் கால்களுக்குக் குறுக்கே 6 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டுக்கம்பியை வீணைத் தந்தி போல விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். விரலால் சுண்டினால் ஓசை வரணும். தொய்வாக விட்டால் பூசும்போது அதன் மேல் ஒட்டும் தாள் உள்ளே வயிறு தள்ளும், சிமென்ட் இரண்டு மடங்கு தின்னும். அதன் மேல் தார்த்தாள். அதைக் கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போங்கள், மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் இரண்டு அங்குலமாவது படிய வேண்டும். மேலிருந்து தொடங்கினால் மழைத் தண்ணீர் தாளுக்குப் பின்னால் இறங்கி மரத்தை அழுகவைக்கும். ஓட்டு வீடு வேய்வதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது கோழிவலை. இது தாளோடு ஒட்டிக் கிடந்தால் பயனில்லை, தாளிலிருந்து கால் அங்குலம் விலகி நிற்க வேண்டும். அப்போதுதான் சாந்து வலைக் கண்ணுக்குள் நுழைந்து பின்னால் பரவிப் பிடிக்கும். இதற்கென்றே அட்டை வளையம் கோத்த ஆணி கிடைக்கும். ‘பூச்சு உதிர்ந்துவிட்டது’ என்று சொல்லும் வீட்டில் ஒரு துண்டைப் பெயர்த்துப் பாருங்கள்: வலை தாளோடு ஒட்டியிருக்கும், சாந்து மேலே அப்பளமாக நின்றிருக்கும்.

ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு சலித்த மணல், கொஞ்சம் சுண்ணாம்பு. இரண்டு கைப் பூச்சுக்குமாக 8 முதல் 10 மூட்டை. முதல் கை அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஈரமாக இருக்கும்போதே ஆணி அடித்த கட்டையால் கிடைக்கோடாகக் கீறிவிடுங்கள். இரண்டாம் கை அந்தக் கீறலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் 48 மணி நேரம் ஈரத்தோடு விட்டுவைப்பதே முறை. நான்கு நாள் பயணத்தில் அவ்வளவு அவகாசம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவசரத்தில் மறுநாளே இரண்டாம் கை பூசி மயிரிழை விரிசல்களை விட்டுப்போவதைவிட, இரண்டாம் கையை மேஸ்திரியிடம் கூலி கொடுத்து ஒப்படைத்துவிட்டு வருவது மேல். ‘முடித்துவிட்டோம்’ என்று படம் எடுக்க முடியாது. வீடு நன்றாக இருக்கும்.

கூரை?

வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பலகைகளுக்கு நடுவில் ஒரு நூல் இடைவெளி விடுங்கள், ஈரத்தில் விரியும். தார்ச் சுருள் இங்கேயும் கீழ் ஓரத்திலிருந்து மேலே. ஒவ்வொரு ஆணித் தலையிலும் தார் தடவ வேண்டும். மேலே ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது.

என்ன அடி படும்?

கட்டைவிரல், எப்போதும். அதை விடுங்கள். அதிகம் பேருக்குத் தெரியாதது சிமென்ட் புண். ஈரச் சிமென்ட் கடுமையான காரம், பட்டவுடன் வலிக்காது. கால் சட்டை நனைந்து முழங்காலில் மண்டியிட்டே இரண்டு மணி நேரம் தளம் தேய்த்தவருக்கு மாலையில் தோல் வெந்து கழன்றிருக்கும். நீளக் கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நனைந்த துணியை உடனே மாற்றி, கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பூச்சு வேலையில் தலைக்கு மேல் அண்ணாந்து பூசுகிறவருக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் விழுந்தால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

டெட்டனஸ் ஊசி பத்து வருடத்துக்குள் போட்டதா என்று பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு பற்றிக் குடும்ப மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். தெரு நாய்கள் ஏராளம், கொஞ்ச வேண்டாம்.

சாப்பாடு, தண்ணீர்?

மேட்டுப் பகுதிகளில் குழாய் கிடையாது. லாரி வந்து 200 லிட்டர் பீப்பாயில் ஊற்றிவிட்டுப் போகும், அதற்குக் குடும்பம் காசு கொடுக்கிறது. கலவைக்கும் கை கழுவவும் அந்தத் தண்ணீரை அள்ளிவிடாதீர்கள், உங்கள் வேலைக்குத் தனியாக லாரித் தண்ணீர் வாங்குங்கள். குடிக்கக் கேன் தண்ணீர் மட்டும்.

குடும்பத்தார் ஒரு நாளாவது தாங்களே சமைத்துப் போடுவார்கள். சோளத் தோசை மாதிரியான டோர்ட்டியா, பீன்ஸ், கோழி, பச்சை மிளகாய்ச் சட்னி. தமிழ் நாக்குக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்கள் தரையில் நீங்கள் விருந்தாளி என்று அவர்கள் சொல்லும் நேரம் அது.

ஸ்பானிஷ் தெரியாதே?

பத்துச் சொல் போதும். ஆணிக்கு கிளாவோ, தண்ணீருக்கு அகுவா, சாந்துக்கு மெஸ்கிளா, ‘ஜாக்கிரதை’க்கு குய்தாதோ. கொத்தனாரை ‘மாயெஸ்த்ரோ’ என்று கூப்பிடுங்கள். நம் மேஸ்திரி போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டும் ஒரே குடும்பம். மேசையும் அப்படியே: அங்கேயும் மேசாதான். பெரியவர்களிடம் ‘து’ வேண்டாம், ‘உஸ்தேத்’ என்று பேசுங்கள். நீ, நீங்கள் வித்தியாசம் தமிழருக்குப் புரியும்.

சுவிசேஷம் சொல்லலாமா?

வீட்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஆராதனைக்கு வந்தால்தான் வீடு, சபையில் சேர்ந்தால்தான் சாவி என்று எந்த அமைப்பாவது ஜாடையாகச் சொன்னாலும் விலகிவிடுங்கள். பல குடும்பங்கள் கத்தோலிக்கர். புதுச் சுவரில் முதல் ஆணியை குவாதலூப்பே மாதா படம் மாட்டுவதற்கு அடிப்பார்கள். வேளாங்கண்ணிக்குப் போகும் அண்டை வீட்டாரை மதிக்கத் தெரிந்தவர்கள் இதையும் மதிப்பார்கள். ஏன் வந்தீர்கள் என்று அவர்களே கேட்பார்கள், அப்போது உள்ளதைச் சொல்லுங்கள். கடைசி நாள் சாவி கொடுக்கும் ஜெபத்தை உள்ளூர்ப் போதகர் நடத்தட்டும்.

புகைப்படம்?

குடும்பத்தைக் கேட்டுவிட்டு. பிள்ளைகள் படத்தைப் பெயரோடு, இடத்தோடு போடாதீர்கள். பழைய குடிசையின் உள்ளே எடுக்கவே வேண்டாம்.

இதே மாதிரி தமிழ்நாட்டுக்குக் குழு கொண்டுபோகலாமா?

சட்டம் வேறு. சுற்றுலா விசாவில் மிஷனரி வேலை செய்ய அனுமதி கிடையாது, அதற்குத் தனி விசா. ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருப்பவர்களும் மிஷனரிப் பணிக்கு 2021 அறிவிப்பின்படி முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். பணம் அனுப்புவதென்றால் பெறும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும், தொகை டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே வர வேண்டும். நம் ஊரில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பஞ்சமில்லை. பதிவுள்ள அமைப்புக்குப் பணம் அனுப்பி அவர்கள் கையால் கட்டவைப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

கிளம்பும்போது என்ன விட்டுவிட்டு வர வேண்டும்?

மிச்ச ஆணி, மிச்சச் சிமென்ட் மூட்டை, ஒரு ஏணி, ஒரு சுத்தியல், ஒரு டப்பா தார், இரண்டு கஜம் தார்ச் சுருள். வீட்டுக்காரரைக் கூரைக்கு அழைத்துப் போய் எந்த இணைப்பில் முதலில் ஒழுகும் என்று மேஸ்திரி கையால் தொட்டுக் காட்டட்டும், தார் எப்படித் தடவுவது என்று அவரே ஒரு தடவை செய்து பார்க்கட்டும். மேஸ்திரியின் தொலைபேசி எண்ணைக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். டிசம்பரில் முதல் மழை பெய்ததும் அமைப்பின் வழியாக ஒரு முறை விசாரியுங்கள்.